மூன்றாவது சுற்று

ஜூன் 3

தங்கச்சிக்கு,

இதை எழுதுவது, எப்போதும் எனக்காக எழுதித் தருகிற தையல்காரர் இல்லை. நான்தான். உன் அண்ணன்.

எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். தையல்காரர் எழுத்து தையல் போட்ட மாதிரி சாய்வாக ஓடும். என் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். நேற்று "தங்கச்சிக்கு" என்று எழுதி முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அந்தச் சொல் அங்கேயே இருந்தது. நான் எழுதினது எனக்காகக் காத்திருந்தது. சிரிப்பு வந்துவிட்டது.

மாலை வகுப்பில் ஏழு மாதம். அங்கே நான்தான் மூத்தவன். அறுபத்தெட்டு வயதில் எதற்கு இது என்று பட்டறைப் பக்கம் எல்லோரும் கேலி பேசினார்கள். இப்போது வாயை மூடிக்கொண்டார்கள். கடைப் பலகை எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டேதான் தெருவில் நடக்கிறேன்.

உன் பதிவுத் தபாலை வாங்கப் போனேன். அங்கே இருந்த ஆள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மைப் பெட்டியைத் தள்ளினான்.

"பெருவிரலை வைங்க பெரியவரே."

"பேனாவைக் குடுங்க."

"பேனா எதுக்கு?"

"எதுக்கா? முதுகு சொறியவா கேப்பேன்? கையெழுத்துப் போடத்தான்!"

போட்டேன். நிதானமாகத்தான் போட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். நான் அறுபத்தெட்டு வருஷம் நின்றிருக்கிறேன், அவர்கள் ஐந்து நிமிஷம் நின்றால் கால் ஒடிந்துவிடாது.

நீ கேட்ட நாற்பது மாவுச் சல்லடையும் உன் நாட்டுக்கு வரும் லாரிக்காரரிடம் ஏற்றியாகிவிட்டது. அதில் ஒரு புதுமை செய்திருக்கிறேன். சொல்லமாட்டேன். கட்டைப் பிரிக்கும்போது நீயே பார்.

சரி, சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சல்லடையின் விளிம்பிலும் என் பெயரைப் பச்சைப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறேன். முழுப் பெயர்! வலையை இறுக்கிக் கட்டுகிற கம்பியின் முனையில் நான் போடுகிற முடிச்சு அந்த இடத்தில் துருத்திக்கொண்டு எழுத்தை மறைத்தது. அதனால் மூன்று சுற்று முடிச்சு வேண்டாம் என்று இரண்டு சுற்றோடு கம்பியை நறுக்கி, உள்பக்கம் மடக்கித் தட்டிவிட்டேன். எழுதத் தெரியாத காலத்து அடையாளம்தானே அது. இனி எதற்கு?

வாங்குகிறவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுது. நானே படிப்பேன்.

அண்ணன்


ஜூன் 14

அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்து அழுதேன். அது முந்தாநாள். நேற்று சல்லடைக் கட்டைப் பிரித்தோம். மறுபடியும் அழுதேன். இரண்டும் ஒரே அழுகை இல்லை.

யாரைக் கேட்டு முடிச்சை எடுத்தாய்? உன் மண்டையில் என்னதான் இருக்கிறது?

நடந்ததைச் சொல்கிறேன், ஒன்று விடாமல் எழுதச் சொன்னாயே. இங்கே பெரிய அடுப்பம்மா என்று ஒருவர் இருப்பது உனக்குத் தெரியும். ஊரிலேயே பெரிய ரொட்டி அடுப்பு அவருடையது. என் பாத்திரக் கடையில் உன் சல்லடையை முதலில் வாங்கியவர். அவர் சொல்லித்தான் இந்த ஊரில் பன்னிரண்டு ரொட்டிக் கடைகள் வாங்கின. இந்த நாட்டுக்கும் அப்பால், அடுத்த நாட்டில், ஆற்றங்கரை ஊரில், அவருக்கு ஒரு சித்தப்பா மகன் இருக்கிறார். அங்கே ஆறு கடை. அவர்கள் என்னைப் பார்த்ததில்லை, உன்னைப் பார்த்ததில்லை, நம் பாஷை தெரியாது. "எனக்குத் தெரிஞ்ச கை, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்று இந்த அம்மா சொன்ன ஒரே ஒரு சொல்லை நம்பி நாற்பது கேட்டார்கள்.

அந்த ஆற்றங்கரைத் தம்பி எல்லையைத் தாண்டி நேரில் வந்திருந்தார். அவர் முன்னால்தான் கட்டைப் பிரித்தோம். அம்மா வழக்கம்போலச் சல்லடையைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, விளிம்பில் பெருவிரலை ஓட்டினார். அடுப்படியில் எப்போதும் மாவுப் புழுதி, அங்கே கண்ணைவிட விரல்தான் பேசும். ஒரு சுற்று ஓட்டினார். இன்னொரு சுற்று.

"எங்க?" என்றார்.

"என்னம்மா?"

"முடிச்சு எங்க? இது அவர் கை இல்ல. யாரோ போலி செஞ்சு உன் தலையில கட்டியிருக்காங்க."

"அவர்தாம்மா! பாருங்க, பேரே எழுதியிருக்காரு!"

"எது பேரு? இந்தப் பச்சையா? பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கு."

அந்தத் தம்பி சல்லடையை வாங்கித் திருப்பினார். அக்காவைப் பார்த்தார். "நீ சொன்ன சல்லடை இதுதானாக்கா?" என்று மட்டும் கேட்டார். அம்மா முகம் போன போக்கை நான் உனக்கு எப்படி எழுதுவேன்? இருபது வருஷமாக அவர் சொல்லை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. உன் பச்சைப் பெயின்ட்டால் கேட்டாகிவிட்டது.

ஆகஸ்ட் பத்தாம் தேதி இரண்டு ஊர் ரொட்டிக்காரர்களும் இங்கே கூடுகிறார்கள். அடுத்த வருஷம் யாரிடம் எதை வாங்குவது என்று அன்றைக்குத்தான் முடிவாகும். அதற்குள் பழைய மாதிரி நாற்பது சல்லடை வரவில்லையென்றால் ஆற்றங்கரை மட்டும் போகாது, இந்தப் பன்னிரண்டு கடையும் போகும். "ரெண்டாவது முறை இதைக் கையில எடுத்துக்கிட்டு யார் முன்னாடியும் நிக்க மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

உன் மண்டையைக் கொஞ்சம் தட்டிப் பார்த்து, உள்ளே ஆள் இருந்தால் பதில் எழுது.

தங்கச்சி


ஜூன் 27

தங்கச்சிக்கு,

பூச்சியா?

ஏழு மாதம் இடுப்பு வலியோடு குட்டை பெஞ்சில் உட்கார்ந்து கற்ற எழுத்து பூச்சியா? அந்த அம்மாவுக்கு நம் எழுத்துத் தெரியாவிட்டால் அது யார் குற்றம்? எழுத்துத் தெரியாதவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லைதான். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனாலும் நான் யார் எழுத்தையும் பூச்சி என்று சொன்னதில்லை. எனக்குத் தெரியாத எழுத்தைப் பார்த்தால் ஒதுங்கி நின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

நாற்பத்தைந்து வருஷம் கம்பி கட்டின கை இது. பெயரை எழுதிப் பொறுப்பேற்றால் போலியாம். பெயரில்லாமல் ஒரு முடிச்சைப் போட்டால் அசலாம். என்ன நியாயம் இது?

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக உன் கடிதம் எல்லாம் கல்கண்டு மாதிரி இருந்தது. "அண்ணா நலமா, நான் நலம், உங்கள் வேலையை இங்கே எல்லோரும் புகழ்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." தையல்காரர் படிக்கப் படிக்க எனக்குக் கண் கலங்கும். இந்தக் கடிதத்தில் "மண்டை" என்ற சொல்லே இரண்டு இடத்தில் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன். நான் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் நீ திட்டக் கற்றுக்கொண்டாயா?

அந்த மூன்றாவது சுற்று வெறும் அழகுக்கு என்று நீதானே எழுதினாய்? உன் ஊர்க்காரர்களுக்கு அது நகை போட்ட மாதிரி, பார்க்க லட்சணமாக இருக்குமாம். அப்படித்தான் படித்துக் காட்டினார். உனக்காகத்தான் இத்தனை வருஷமும் அதைச் சுற்றினேன். நகையைக் கழற்றினால் ஆளே மாறிவிடுவாளா?

இனி உன் ஊருக்குச் சல்லடை கட்டப் போவதில்லை. இங்கே சலிக்க மாவே இல்லையா என்ன!

அண்ணன்


ஜூலை 7

அண்ணா,

அழகுக்கா? நான் எழுதினேனா? அழகுக்கு என்று?

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்று படித்தேன். சத்தமாகவே கத்திவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்தார்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், மழை விடாமல் பெய்த ஒரு மாதத்தில், நான் உனக்கு நாலு பக்கம் எழுதினேன். அந்த நாலு பக்கத்துக்கு நீ ஒரு வரி பதில் போட்டாய். "மூன்றாவது சுற்று போட்டாகிவிட்டது, நலம்." அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய், கை எப்படி இருக்கிறது என்று ஒரு சொல் இல்லை. என் கூடப் பிறந்தவனுக்கு மனசு இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு வருஷமாக அந்தக் கோபத்தை விழுங்கிக்கொண்டுதான் உன் சல்லடையை விற்றேன்.

என் கடிதங்களைத் தகரப் பெட்டியில் போட்டு வைப்பதாகச் சொல்வாயே. நிஜம்தானா? நிஜமென்றால் அதை எடு. தையல்காரரைக் கூப்பிடாதே. நீயே படி.

நாற்பது சல்லடையையும் லாரிக்காரரிடம் திருப்பி அனுப்புகிறேன். படித்த பிறகும் கட்டமாட்டேன் என்றால் அடுக்கி வைத்து அழகு பார்.

தங்கச்சி


ஜூலை 28

தங்கச்சிக்கு,

படித்தேன்.

பெட்டியில் ஐம்பத்தொரு கடிதம் இருந்தது. மழை மாதத்துக் கடிதத்தைத் தேடி எடுக்கவே ஒரு காலைப் பொழுது ஆகிவிட்டது. வரிக்கு அடியில் அளவுகோலை வைத்துக்கொண்டு படித்தேன். உன் எழுத்து வேகமாக ஓடுகிறது, என் கண் பின்னால் நடந்து வந்தது. நீ எழுதினதை நீயே மறந்திருப்பாய். கொஞ்சம் இங்கே எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால்தான் என் மண்டையில் ஏறும்.

"அண்ணா, உன் சல்லடை ஒன்றில் கட்டுக்கம்பி தளர்ந்து வலை பிய்ந்து, ஒரு துண்டு பெரிய அடுப்பம்மாவின் மாவில் விழுந்துவிட்டது. ரொட்டி சாப்பிட்ட ஒருவருக்கு ஈறு கிழிந்து ரத்தம். சல்லடை விற்கும்போது நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு கம்பி விழுந்தாலும் நானே வந்து உங்கள் மாவைச் சலித்துத் தருகிறேன் என்று. புதிய ஊர், முகம் தெரியாத ஆள், வேறு எதைக் கொடுத்து நம்ப வைப்பேன்? இப்போது அந்த அம்மா என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் போய் நின்றேன். மூன்று மாதம் என்று பேச்சு. விடிவதற்கு முன்னால் போய் மாவு சலித்துவிட்டு, பிறகு கடையைத் திறக்கிறேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. பேனா பிடிக்க வலிக்கிறது. இரண்டு சுற்று முடிச்சு தட்டத் தட்டத் தளர்கிறது என்று என் கையாலேயே சலித்துத்தான் கண்டுபிடித்தேன். மூன்றாவது சுற்று ஒன்று போடு. அது நின்றால் நான் நிற்பேன்."

அதற்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே தையல்காரர் கடைக்குப் போனேன். செருப்புப் போட மறந்துவிட்டேன். மெஷினுக்கு மேல் கடிதத்தை விரித்து வைத்தேன்.

"படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டார். ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அன்னிக்கு எனக்கு என்ன படிச்சீங்க?"

"மூணாவது சுற்றுப் போடச் சொல்லியிருக்குன்னு படிச்சேன்."

"எதுக்குன்னு படிச்சீங்க?"

"அழகுக்குன்னு."

"ரத்தம்னு எழுதியிருக்கா, நீங்க அழகுன்னு படிச்சீங்களா?"

"உங்க சம்சாரம் தவறிப் போய் அப்ப நாலு மாசம்கூட ஆகல. நீங்க கம்பியைப் புடிச்சா கை ஆடும். இதையும் படிச்சா பட்டறையை இழுத்து மூடியிருப்பீங்க. அந்தப் புள்ள திட்டினதையெல்லாம் உங்ககிட்ட எப்படிப் படிக்கிறது? ஒவ்வொரு கடுதாசியிலயும் அரைப் பக்கம் திட்டுதான். நான்தான் அங்கங்க கொஞ்சம் வெட்டி, ஒட்டி..."

"துணி வெட்டுற கையால என் தங்கச்சியை வெட்டியிருக்கீங்க!"

தெருவே எட்டிப் பார்த்தது. நான் கத்தினது உன் ஊர் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். நல்லது நினைத்துத்தான் செய்தார் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாகிறது. கெட்டவன் என்றால் ஒரே திட்டோடு முடிந்துபோகும். இந்த ஆளை நான் என்ன செய்ய?

உன் மேலும் கோபம்தான். ஒரு வரி பதிலைப் பார்த்து, அண்ணன் மனசு இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டாயே. லாரிக்காரர் மாதத்துக்கு ஒரு தடவை போய் வருகிறாரே, அவரிடம் வாய்விட்டு ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கலாமே! என் கம்பி அறுந்ததற்கு நீ போய் மாவு சலித்திருக்கிறாய். நான் இங்கே உட்கார்ந்து, என் வேலைக்கு வெளிநாட்டில் என்ன பேர் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது புரிகிறது. அந்த அம்மா விரலால் தேடினது என் அடையாளத்தை இல்லை. நீ மூன்று மாதம் நின்றதைத்தான் அவர் முடிச்சில் தொட்டுப் பார்க்கிறார். அதை நான் பெயின்ட் அடிக்க இடம் வேண்டுமென்று நறுக்கி எறிந்திருக்கிறேன். இந்த முறை மறுபடியும் கம்பி விழுந்திருந்தால்? அவர் வாங்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. பூச்சி என்று சொன்னதை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

நாற்பதையும் அவிழ்த்தேன். பழைய கம்பி நீளம் போதாது, எல்லாவற்றுக்கும் புதுக் கம்பி. நாளுக்கு மூன்றுக்கு மேல் கை ஒத்துழைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை தையல்காரர் பட்டறை வாசலில் வந்து நின்றார். பிறகு உள்ளே வந்தார். உட்கார்ந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்க, நான் சுற்றினேன். அப்படித்தான் முடிந்தது. இன்னும் அவரோடு பேசுவதில்லை.

பச்சைப் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். மூன்று சுற்று முடிச்சு பழைய இடத்திலேயே இருக்கிறது. சல்லடைக்கு நூறு தடவை தரையில் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. ஆனால் முடிச்சுக்கு நேர் உள்பக்கம், சின்னதாக, ஒன்று எழுதியிருக்கிறேன். என்ன என்று இந்த முறை நிஜமாகவே சொல்லமாட்டேன்.

இந்தக் கடிதமும் கட்டும் ஒரே லாரியில் வருகின்றன. பத்தாம் தேதிக்கு முன்னால் வந்துவிடும் என்று லாரிக்காரர் சொல்கிறார். அவர் சொன்னால் வரும்.

பெட்டியில் அந்த மழைக் கடிதம் போக ஐம்பது இருக்கிறது. நாளுக்கு ஒன்று படிக்கிறேன். இதுவரைக்கும் என்னை எருமை என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறாய்.

அண்ணன்


ஆகஸ்ட் 12

அண்ணா,

முந்தாநாள் இரண்டு ஊர்க்காரர்களும் பெரிய அடுப்பம்மாவின் கடைக்குப் பின்னால் கூடினார்கள். உன் கட்டு ஆறாம் தேதியே வந்துவிட்டது. நான்தான் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்க்கப் பயம். அவர்கள் முன்னாலேயே பிரிக்கட்டும் என்று கட்டோடு தூக்கிக்கொண்டு போனேன்.

அம்மா ஒன்றை எடுத்தார். கண்ணை மூடினார். விரலை ஓட்டினார். முடிச்சில் விரல் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நகத்தால் எண்ணினார்.

"இது அவர் கை," என்றார். சித்தப்பா மகனிடம் நீட்டினார். "நீயும் தொட்டுப் பாரு."

அவர் தொட்டுப் பார்த்தார். அடுத்தவரிடம் கொடுத்தார். கை மாறி மாறிச் சுற்றி வந்தது. உன்னை ஒரு நாளும் பார்க்காத இருபது பேர் உன் முடிச்சைத் தடவிப் பார்த்தார்கள், அண்ணா. முதலில் வந்தது ஏன் அப்படி இருந்தது என்று கேட்டார்கள். நான் மறைக்கவில்லை. "எங்க அண்ணன் புதுசா எழுதக் கத்துக்கிட்டாரு. சந்தோஷத்துல தன் பேரை எழுத இடம் பண்ணிட்டாரு" என்றேன். ஆற்றங்கரைத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். நாற்பதையும் எடுத்துக்கொண்டார். அவருக்கு அப்பால் மலையடிவாரத்தில் இரண்டு கடைகள் இருக்கின்றனவாம், அவர்களுக்கும் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அம்மா சல்லடையைத் திருப்பினார். உள்பக்கம் பார்த்தார்.

"மறுபடியும் பூச்சி!" என்றார். "இது என்ன? நீ படி."

படித்தேன். என் பெயர்.

எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். ஆனால் உடனே கோபமும் வந்தது. யாரைக் கேட்டு என் பெயரை எழுதினாய்? இனி எந்த ஊரில், எந்த அடுப்படியில், எவன் மாவில் ஒரு கம்பி விழுந்தாலும் உன்னைத் தேட மாட்டார்கள், என்னைத்தானே தேடி வருவார்கள்! மலையடிவாரம் வரைக்கும் போய் யார் மாவு சலிப்பது? எனக்கும் அறுபது ஆகப்போகிறது. இந்த மணிக்கட்டு இன்னொரு மூன்று மாதம் தாங்குமா? எருமை. ஏழாவது இடம் என்று எண்ணிக்கொள்.

இதையெல்லாம் நான் அங்கேயே நின்று நம் பாஷையில் கத்தியிருக்கிறேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொல்றே?" என்றார்.

"என் பேரைப் போட்டுட்டாரும்மா. இனிமே எல்லாத்துக்கும் நான்தான் பதில் சொல்லணும்!"

"இத்தனை நாளா வேற யாரு சொன்னா?" என்றார் அவர். சொல்லிவிட்டு மாவைக் கொட்டிச் சலிக்க ஆரம்பித்துவிட்டார்.

தையல்காரரோடு பேசு. அவரிடம் எனக்கும் நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது. என் கடிதத்தில் வெட்டினதோடு நிறுத்தினாரா, உன் கடிதத்திலும் வெட்டினாரா என்று முதலில் கேள். "உடம்பைப் பார்த்துக்கொள் தங்கச்சி" என்று நீ எப்போதாவது சொல்லி, அவர் எழுதாமல் விட்டிருந்தால் அதையும் கேட்டு எனக்கு எழுது.

அடுத்த கட்டு ஐம்பது. மூன்று சுற்று. அதில் ஒரு சுற்று குறைந்தாலும் நானே லாரி ஏறி வந்து உன் பட்டறையில் நிற்பேன்.

உள்பக்கம் எழுதுகிறதை நிறுத்தாதே. கொஞ்சம் பெரிதாக எழுது.

தங்கச்சி